சாக்கில் வந்த சீர்

பிறந்த வீட்டுச் சீரில் பழைய சாமான் வைக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் குன்னத்திலிருந்து அரியலூர் வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "அய்யய்யோ, அதெப்படி?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பாத்திரம் என்றால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். பீரோ என்றால் பாலிதீன் கவர் பிரிக்காமல் இருக்க வேண்டும். உள்ளே எப்படி இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், தெரு பார்க்கும்போது பளபளவென்று இருந்தால் சரி.

இந்தச் சட்டம்தான் மகேஷை அந்தத் தை மாதம் பாடாய்ப் படுத்தியது.

மகேஷ் குன்னத்துக்காரன். மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் போடுகிறவன். அப்பா பிச்சைமுத்து போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா சுகன்யாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இவன் ஒருவன்தான். அக்காவை அரியலூரில் கொடுத்திருந்தது. மாமா அன்பழகனுக்கு சிமெண்ட் பேக்டரியில் பிட்டர் வேலை. இத்தனை வருடம் ஓட்டு வீட்டில் இருந்தவர், இப்போதுதான் அதை இடித்துவிட்டு அதே மனையில் மச்சு வீடு கட்டி முடிக்கிற தறுவாயில் இருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. சீர் கொண்டுபோக வேண்டியது மகேஷ்.

அதே மனை, அதே தெரு. அங்கேதான் வம்பு.

அக்கா கல்யாணத்தின்போது மகேஷுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. பருத்தியும் அந்த வருடம் மழையில் போயிற்று. பேருக்கு நாலு தட்டு, கொஞ்சம் பாத்திரம், ஒரு கட்டில் என்று சீர் தெருவுக்குள் நுழைந்தது. கடைசித் தட்டு மகேஷ் கையில், வாழைப்பழம். எதிர்வீட்டு ராசாத்தி வாசலில் நின்று, இவன் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அவ்வளவுதானா? பின்னாடி இன்னும் வருதா?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மகேஷுக்கு அந்தப் பழத்தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சம்பூர்ணம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போது மாலையும் கழுத்துமாக இருந்த அன்பழகன்தான் எழுந்து வந்தார்.

"நாந்தான் சின்னம்மா வேணாம்னேன். இந்த வூட்ல வைக்க எடம் எங்க இருக்கு? அவங்க கொண்டாறேன்னுதான் ஒத்தக் காலுல நின்னாங்க."

பச்சைப் பொய். அவர் ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதில்லை, இவர்கள் ஒற்றைக் காலில் நின்றதும் இல்லை. ஆனால் தெரு வாயை மூடிக்கொண்டது. மகேஷ் பழத்தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டான், இதே தெருவில் ஒருநாள் ராசாத்தி வாயடைத்து நிற்கிற மாதிரி சீர் கொண்டுவராமல் விடுவதில்லை என்று.

அந்த நாள் வந்துவிட்டது. வெங்காயமும் அந்த வருடம் பார்த்துக் கை கொடுத்தது. சின்ன வெங்காயத்தைப் போல ஒரு போக்கிரிப் பயிர் கிடையாது, எப்போது தூக்கிவிடும், எப்போது காலை வாரும் என்று சொல்லவே முடியாது. அந்த வருடம் தூக்கிவிட்டது.

"மாமா, கிரகப்பிரவேசத்துக்கு என்ன வேணும்? சும்மா சொல்லுங்க" என்று கேட்டான். ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேட்கிற கேள்விதான். ஒவ்வொரு முறையும் "ஒன்னும் வேணாம் மாப்ள, வந்துட்டுப் போ, போதும்" என்பதுதான் பதில். இந்த முறை அன்பழகன் அப்படிச் சொல்லவில்லை. துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"ஒன்னு கேக்கட்டுமா மாப்ள? தப்பா நெனச்சுக்காத."

மகேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் வாயைத் திறந்து கேட்கிறாரே! சந்திரனைக் கேட்டாலும் ஏணி போடத் தயாராக இருந்தான். அவர் கேட்டதோ லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் இருந்த பழைய ஆம்ப்ளிபயரை.

*

அந்த வீடு தாஜுதீன் பாய் வீடு. பாயின் மகன் சஃப்வான் அன்பழகனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவன். பாய் சவுதியில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்து ஊரோடு தங்கிவிட்டவர். வரும்போது எல்லோரும் கொண்டுவருகிற கம்பளி, செண்ட், டார்ச் லைட் எதுவும் அவர் பெரிதாகக் கொண்டுவரவில்லையாம். அந்த ஆம்ப்ளிபயரையும் அதற்கு ஜோடியான ஸ்பீக்கர்களையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தாராம். அது நடந்தே பல வருடம் ஆகியிருந்தது.

மாமாவும் மகேஷும் போனபோது ஆம்ப்ளிபயரின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

"அது எறங்காது. சூடா இருக்குன்னு அங்கயே கெடக்கும்" என்றாள் பாயின் மனைவி பாத்திமா பீவி. "தயவு பண்ணி இந்தக் கருங்கல்ல எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. தெனமும் நான்தான் தூசி தட்டிச் சாகறேன். வேணும்னா பூனையவும் சேத்துத் தரேன்."

"பெனாசிர் புள்ள பெத்து வந்திருக்கா" என்று பாய் மகளின் அறைப் பக்கம் காட்டினார். "லேசா சத்தம் வெச்சாலே பேத்தி எந்திரிச்சுடறா. மெல்லமா வெச்சுக் கேக்கறதுக்கு இது எதுக்கு தம்பி? அது பாவம். கேக்கறவங்க கையில இருக்கட்டும்."

மகேஷ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கன்னங்கரேல் என்று ஒரு பெட்டி. முகப்பில் ஒரு பெரிய திருகு, நாலைந்து சின்னத் திருகு. ஒரு ஓரத்தில் கீறல். விளக்கு என்று பார்த்தால் ஒரு பொட்டு மாதிரி ஒன்றே ஒன்று. போதாக்குறைக்கு சவுதி கரண்டுக்குச் செய்தது என்று, நம் ஊர் கரண்டைக் குறைத்துக் கொடுக்கத் தனியாக ஒரு இரும்புப் பெட்டி வேறு.

"ரிமோட்டு இருக்கா பாய்?"

"எந்திரிச்சுப் போய்த் திருகறதுக்குத்தான் அல்லா கையக் குடுத்திருக்கான்."

மகேஷ் தூக்கிப் பார்த்தான். அரை மூட்டை வெங்காயக் கனம். ஆண்டவா, இதை எந்தத் தட்டில் வைத்துத் தெருவில் கொண்டுபோவது என்று அங்கேயே அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

பூனையை இறக்கிவிட்டு, பேத்தியை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டு, பாய் ஒரு நாதஸ்வர சி.டி.யைப் போட்டார். மகேஷுக்குப் பாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் அவனுக்கே கேட்டது, வாசிக்கத் தொடங்குமுன் நாயனக்காரர் ஒரு மூச்சு இழுத்தார். தவில்காரரின் விரல் கூடு தோலில் பட்டுத் தெறிப்பது, ஏதோ இந்த அறையிலேயே நடக்கிற மாதிரி கேட்டது. சத்தம் அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது. கிட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அவன் பாட்டைவிட மாமாவைத்தான் பார்த்தான். அன்பழகன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். தலைச்சுமையை இறக்கி வைத்தவர் முகம் மாதிரி இருந்தது.

"நாள் பூரா சிமெண்டு மில்லு பக்கத்துல நிக்கற காது மாப்ள இது" என்றார் முடிந்தவுடன். "வூட்டுக்கு வந்தாலும் உய்யுன்னு ஒரே இரைச்சலாத்தான் இருக்கும். இதுல மட்டுந்தான் நாயனம் தனியா, தவில் தனியா, மூச்சு தனியா கேக்குது. கேட்டுட்டு எந்திரிச்சா இரைச்சல் கொஞ்ச நேரம் காணாமப் போயிடுது."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஆம்ப்ளிபயரின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தார். இதை எதற்கு அளக்கிறார் என்று மகேஷ் கேட்கவில்லை. பிட்டர் வேலை பார்க்கிறவர் எதைக் கண்டாலும் அளப்பார் என்று விட்டுவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் மென்று விழுங்கிக்கொண்டு கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா பழசா இருக்கே."

"பழசுதான்."

"சீருல எப்படி மாமா வைக்கறது? அட்டப்பெட்டிகூட இல்ல."

"சீருல எதுக்கு வைக்கற? சும்மா ஒருநாள் கொண்டாந்து வெச்சுட்டுப் போ."

சும்மா ஒருநாள் கொண்டுவந்து வைப்பதா! அப்புறம் தெரு எதைப் பார்க்கும்? ராசாத்தி எதைப் பார்த்து வாயடைத்து நிற்பாள்?

"அதே மாதிரி புதுசா ஒன்னு பாத்தா என்ன மாமா? இப்ப ரிசீவருன்னு வருதாம். அஞ்சு பக்கமும் சத்தம் வருமாம்."

அன்பழகன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உன் இஷ்டம் மாப்ள" என்றார்.

நம் ஊரில் "உன் இஷ்டம்" என்று ஒருவர் சொன்னால் அது சம்மதம் இல்லை என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மகேஷுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்துவிட்டான்.

*

திருச்சிக் கடையில் ஏ.சி. ஓடியது. டை கட்டிய பையன் ஒருவன் "வாங்க சார்" என்று மகேஷை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிலும் ஸ்பீக்கரை வைத்து ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. மகேஷ் திரும்பிப் பார்த்துவிட்டான்.

"பாத்தீங்களா சார்! எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றான் பையன்.

"ஒருத்தர் பழைய சவுதி ஆம்ப்ளிபயர் ஒன்னு தரேங்கறார்" என்று மகேஷ் மெல்லச் சொன்னான்.

"பழசா? ரிப்பேர் ஆனா எங்க சார் தூக்கிட்டு அலைவீங்க? இதுக்கு வாரண்டி இருக்கு. ரிமோட் இருக்கு. இந்த டிஸ்ப்ளேயப் பாருங்க, நீலக் கலரு."

வெள்ளி நிறத்தில் சப்பையாக, நீல விளக்கு மினுக்கிக்கொண்டு, அழகாகத்தான் இருந்தது ரிசீவர். மகேஷ் கையில் தூக்கிப் பார்த்தான். காற்றாக இருந்தது. வெங்காயம் பார்க்கிறவன் கை அது. முத்தின வெங்காயம் உள்ளங்கையில் கனக்கும், உள்ளே சோடை விழுந்தது வெறும் சருகாக இருக்கும். சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவான். அந்தக் கை ஏதோ சொல்லத்தான் சொன்னது. ஆனால் பையன் அப்போது அட்டைப்பெட்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆள் உயரம், கலர் கலராகப் படம், மேலே தங்க எழுத்து. மகேஷ் கண்ணுக்கு முன்னால் அரியலூர்த் தெரு வந்து நின்றது.

"பெட்டியக் கிழிக்காமக் கட்டிக் குடுங்க" என்றான்.

*

கிரகப்பிரவேசத்தன்று பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் புறப்பட்டது. முன்னால் மேளம். பின்னால் பங்காளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பட்டுப்புடவை, வேட்டி, வெண்கலப் பாத்திரம், பழத்தட்டு, இனிப்புத் தட்டு, கிரைண்டர், கட்டில், மெத்தை. எல்லாவற்றுக்கும் பின்னால், இரண்டு ஆள் தூக்க, தங்க எழுத்து வெயிலில் மின்ன, அந்தப் பெட்டி.

ராசாத்தி வாசலுக்கு வந்தாள். தட்டு ஒவ்வொன்றாகப் போகப் போக அவள் தலை இப்படியும் அப்படியும் போயிற்று. பெட்டி வந்ததும் "இதென்னாடி இது, தேராட்டம் வருது!" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள். சம்பூர்ணம் ஆரத்தித் தட்டோடு நின்றவள், "எங்க மகேசு கொண்டாந்த ஓம் தியேட்டரு. தியேட்டர் மாதிரியே கேக்குமாம்" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். எங்க மகேசு! மகேஷ் அந்தத் தெருவில் நடந்த நடையை அவன் அப்பா பார்த்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பெட்டியைப் பிரிக்கும் வரைக்கும்தான்.

பந்தி முடிந்து கூட்டம் கரைந்ததும், "வாடா, எங்க வைக்கறதுன்னு பாக்கலாம்" என்று சுகன்யா தம்பியைப் பின்பக்கச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே சுவரோடு சேர்த்து கான்கிரீட்டில் ஒரு மேடை போட்டிருந்தது. கெட்டியான மேடை. ஓரங்களை வழவழவென்று பூசி, பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு, ஒயர் நுழையக் குழாய் பதித்து, பக்கத்திலேயே பிளக் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

"கொத்தனார் என்னா கேலி பண்ணுனாரு தெரியுமா! அம்மிக்கல்லு வைக்கவா சார் இவ்ளோ கனமா போடறீங்கன்னு" என்று சுகன்யா சிரித்தாள். "உங்க மாமா கேட்டாத்தானே? கம்பி சேத்துப் போட்டு அவரே நின்னு ஊத்துனாரு. கான்கிரீட்டு காயாம லீவு போட்டுத் தண்ணி விட்டாரு. எதுக்குன்னு கேட்டா, வர வேண்டியது வரும்னாரு."

அன்பழகன் புது ரிசீவரைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, அது அந்த மேடை நடுவில் அம்போவென்று இருந்தது. மகேஷுக்கு அந்த டேப் ஞாபகம் வந்தது. நீளம், அகலம், உயரம்.

நாதஸ்வரம் போட்டுப் பார்த்தார்கள். கேட்டது. அஞ்சு பக்கமும் கேட்டது. ஆனால் நாயனக்காரர் மூச்சே விடவில்லை. தவில் தகர டப்பாவாக இருந்தது.

"நல்லாருக்கு மாப்ள" என்றார் அன்பழகன். "லைட்டெல்லாம் ஜோரா எரியுது."

சத்தம் வருகிற சாமானுக்கு ஒரு மனுஷன் விளக்கைப் புகழ்ந்தால் என்ன அர்த்தம்? மகேஷ் சாப்பிட்ட பாயசம் நெஞ்சிலேயே நின்றது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டார். அதையும் தெருவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சை!

*

மாசி பிறந்தது. சுகன்யா போன் பண்ணினாள்.

"உன் ரிசீவர எங்க மாமியாரு ஹாலுக்குத் தூக்கிட்டாங்கடா. சீரியல் பாக்கறாங்க. மருமவ அழுவறது முதுகுப் பக்கம் கேக்குதாம், இடி இடிச்சா வூடே அதிருதாம். ஒரே குஷி. ராசாத்தி அத்தையும் தெனம் வந்து குந்திக்கறாங்க."

"அந்த மேடையில என்னக்கா இருக்கு?"

"துவைச்ச துணிய மடிச்சு வெச்சிருக்கேன். ஏன்டா?"

மகேஷ் போனை வைத்தான். எக்ஸ்.எல். வண்டியை எடுத்தான். வண்டியில் இருந்த காலி வெங்காயச் சாக்குகளோடு நேராக லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனான். வழியெல்லாம், விற்றிருக்கக் கூடாது, விற்றிருக்கக் கூடாது என்று அய்யனாரை வேண்டிக்கொண்டே போனான்.

பூனை அங்கேயே படுத்திருந்தது. மகேஷுக்கு அந்தப் பூனையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டாரே தம்பி உங்க மாமா" என்றார் தாஜுதீன் பாய்.

"எப்ப?"

"உங்க விசேஷம் முடிஞ்ச வாரமே வந்தாரு. எனக்காகக் காத்திருக்காதீங்க பாய், வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க, என் மச்சான் இதவிட ஒசத்தியா ஒன்னு வாங்கிக் குடுத்துட்டான், வூட்ல வைக்க எடமில்லன்னாரு."

வீட்டில் வைக்க இடமில்லை. கல்யாணத்தன்று தெருவுக்குச் சொன்ன அதே பொய். இந்தத் தடவை மகேஷ் கேட்காத இடத்தில் வந்து சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன அறையின் மேடை காலியாகக் கிடக்க, இவன் மானத்துக்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கிறார். மகேஷ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று பாய் நினைத்திருந்தால் நினைக்கட்டும்.

"அவரு பொய் சொன்னாரு பாய். நான்தான் முட்டாள். நீங்க ஏன் வேற யாருக்கும் குடுக்கல?"

"அன்னிக்கு இங்க தரையில உக்காந்து கேட்டாரே, அந்த மொகத்த நானும் பாத்தேன்ல தம்பி. வேணாம்னு சொல்லிட்டு வாசல் வரைக்கும் போனவரு, திரும்பி வந்து ஒருவாட்டி இதத் தொட்டுப் பாத்துட்டுப் போறாரு. இன்ஷா அல்லா, யாராச்சும் வருவீங்கன்னு வெச்சிருந்தேன்."

பாத்திமா பீவி ஒரு பழைய நூல் புடவையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னாள். சுற்றி, சாக்கில் இறக்கி, சணலால் வாயைக் கட்டினார்கள். இன்னொரு சாக்கில் அந்த இரும்புப் பெட்டி. ஸ்பீக்கர்களை ஞாயிற்றுக்கிழமை சஃப்வான் நண்பன் காரில் கொண்டுவந்து சேர்ப்பதாக ஏற்பாடு. பூனைக்குத்தான் மனசே ஆறவில்லை. வண்டி தெரு முனை திரும்பும் வரை கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சஃப்வான் வந்து ஸ்பீக்கர்களைப் பின்பக்கமாக இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகு, மகேஷ் முன்வாசலில் வண்டியை நிறுத்தினான். பழைய சாமான் புது வீட்டுக்குள் போவது தெருவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் சாக்கு. வெங்காயக்காரன் சாக்கு கொண்டுவந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

ஆனால் கதவைத் திறந்தால் ஹாலில் சம்பூர்ணமும் ராசாத்தியும். ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் காத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மகேசு. என்னா மூட்ட அது, தூக்க முடியாமத் தூக்கிட்டு வர?" என்றாள் சம்பூர்ணம்.

அன்பழகன் உள்ளேயிருந்து வந்தார். பின்பக்கம் ஸ்பீக்கர் வந்திறங்கியபோதே அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். சாக்குக்குள் நாலு மூலையும் துருத்திக்கொண்டு நின்ற உருவத்தைப் பார்த்ததும் மீதியும் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தார், ராசாத்தியைப் பார்த்தார், மகேஷைப் பார்த்தார்.

"வெங்காயம்மா" என்றார்.

மூன்றாவது பொய்! மகேஷ் மூட்டையோடு நிலைப்படியில் நின்றான். பேசாமல் இருந்துவிட்டால் போதும், மூட்டை நேராக உள்ளே போய்விடும். ராசாத்தி கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள், அன்றைக்கு நீட்டிய அதே கழுத்து. ஆனால் மகேஷுக்குச் சட்டென்று சலித்துப் போயிற்று. இந்த ஒரு கழுத்துக்குப் பயந்து இந்த மனுஷனை இன்னும் எத்தனை பொய் சொல்ல வைப்பது?

"வெங்காயம் இல்லத்த" என்றான். சாக்கைக் கீழே வைத்து, சணலை அவிழ்த்து, புடவையை விலக்கினான். "பழைய ஆம்ப்ளிபயரு. லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தர் வெச்சிருந்தது. கீறல்கூட இருக்கு பாருங்க. மாமா என்கிட்ட கேட்டது இதத்தான். நான்தான் பழசு, கேவலம்னு நெனச்சுப் புதுச வாங்கியாந்தேன். இதுதான் அவருக்குச் சீரு."

"பழசா?" என்றாள் ராசாத்தி.

"பழசுதான் அத்த."

சம்பூர்ணம் எழுந்து வந்து, கருப்புப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். சாக்கைத் தலைகீழாக உதறினாள். இரண்டு காய்ந்த வெங்காயத் தோல் விழுந்தது.

"பழசோ புதுசோ, அது கெடக்குது" என்றாள். "அப்ப வெங்காயம் கொண்டாரலியா நீ? வூட்ல ஒரு வெங்காயம் இல்லடா. வெங்காயம்னதும் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"அதானே!" என்றாள் ராசாத்தி, நிஜமான வருத்தத்தோடு.

மகேஷ் ஒரு நிமிடம் திருதிருவென்று விழித்தான். அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. அன்பழகனும் சிரித்தார். எத்தனை வருடமாக இந்த இரண்டு பெண்களுக்கும் பயந்து அவன் ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறான்!

மாமாவும் மச்சானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பின்னறைக்குத் தூக்கிப் போனார்கள். சுகன்யா ஓடிவந்து மடித்த துணியை அள்ளினாள். மேடையில் வைத்துத் தள்ளியதும் அது போய்ப் பொருந்திய அழகு இருக்கிறதே! இந்தப் பக்கம் விரல் இடம், அந்தப் பக்கம் விரல் இடம். அந்த மேடை பிறந்ததே அதற்காகத்தான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அன்பழகன் அதன் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"மாப்ள" என்றார். "எனக்கு ரொம்ப சந்தோசம்டா."

அவ்வளவுதான் சொன்னார். மகேஷுக்கு அது ஊர்வலம் போன அத்தனை தட்டுக்கும் மேலே இருந்தது.

வண்டியிலிருந்து இரும்புப் பெட்டியையும் எடுத்துவந்து, ஒயரெல்லாம் மாட்டி, நாதஸ்வரம் போட்டார்கள். நாயனக்காரர் முதலில் ஒரு மூச்சு இழுத்தார். அன்பழகன் தரையில் சப்பணம் போட்டுக் கண்ணை மூடினார். மகேஷும் பக்கத்தில் உட்கார்ந்தான். தவில் தொடங்கியபோது வாசலில் நிழல் விழுந்தது. "யாருடா மேளக்காரங்கள உள்ள கூட்டியாந்தது?" என்று கேட்டுக்கொண்டு வந்த சம்பூர்ணம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னாலேயே ராசாத்தி. ஹாலில் படம் தொடங்கி அஞ்சு பக்கமும் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். சுகன்யா போய் அதை அணைத்துவிட்டு வந்தாள். கேட்டுக்கொண்டே இருந்த ராசாத்தி புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டதை மகேஷ் பார்த்தான், பார்க்காத மாதிரி இருந்தான்.

வாசிப்பு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ராசாத்திதான் கழுத்தை நீட்டி, அந்தக் கருப்புப் பெட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அவ்வளவுதானா? இன்னும் வருதா?"

"வருது அத்த" என்றான் மகேஷ். "நல்லா சாஞ்சு உக்காருங்க."